இரவில் கழற்றி வைக்கிற முடிதான் மலைக்கு ஏற்றது

தைலம் தேய்க்கிற வீட்டில் ஒட்டு முடி, அதாவது நீளத்துக்கும் அடர்த்திக்கும் பசையால் ஒட்டிக்கொள்கிற ஹேர் எக்ஸ்டென்ஷன், நிற்காது. கொடைக்கானலில் தைலம் தேய்க்காத வீடு ஏது? தடுமன் பிடித்தால் நெற்றியில் இரண்டு சொட்டு, தலை பாரமாக இருந்தால் உச்சியில் இரண்டு சொட்டு, மூக்கடைத்தால் கொதிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, தலையோடு போர்வையை மூடிக்கொண்டு ஆவி. யூகலிப்டஸ் தைலம் பசையை இளக்கும். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பிசுக்கை அதைத் தொட்டுத் துடைத்தால் போய்விடுவது அதனால்தான். டேப் வைத்து ஒட்டிய ஹேர் எக்ஸ்டென்ஷனைக் கழற்ற சலூன்களில் தடவுகிற திரவமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள், முதல் தடுமனிலேயே தங்கள் கையால் அதைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு "அக்கா, பின்னாடி ரெண்டு டேப் தொங்குது" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பசை மட்டமானது என்று நினைத்துக்கொள்வார்கள். பசையில் குறை இருக்காது. அது வேறு ஊருக்கான பசை.

எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியவர்கள், டைபாய்டு வந்து எழுந்து மூன்று மாதத்தில் பின்னல் பாதியானவர்கள், தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த வியாதியும் இல்லாமல் பிறவியிலேயே மெல்லிய முடிக்காரர்கள் என்று எத்தனையோ பேருக்குக் கண்ணாடி முன்னால் நிற்பதே பாரமாகிவிடுகிறது. அவர்களுக்கு நாலு அங்குலம் நீளமும் ஒரு பிடி அடர்த்தியும் கிடைத்தால் நிச்சயம் வைத்துக்கொள்ளட்டும். என் கருத்து ஒன்றே ஒன்றுதான். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், வருஷத்தில் பாதி நாள் மஞ்சு என்கிற மூடுபனி இறங்குகிற ஊரில், தினமும் போட்டு தினமும் கழற்றுகிற முடிதான் வைக்க வேண்டும். அதாவது பின்னலோடு சேர்த்துப் பின்னுகிற முடிக் கொத்தான சவுரி, அல்லது கிளிப்பால் மாட்டிக்கொள்கிற முடி. மாதக்கணக்கில் தலையிலேயே கிடக்கிற எதுவும் இங்கே சரிப்படாது.

பசைக்கு ஏன் இந்த ஊர் ஆகாது

டேப் என்பது சுமார் 4 சென்டிமீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் உயரம் உள்ள பட்டை. நம் முடியில் மெல்லிய ஒரு அடுக்கைப் பிரித்து, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை வைத்து நடுவில் அழுத்துவார்கள். ஒரு தலைக்கு 20 முதல் 40 பட்டை வரை போகும். இந்தப் பசை அழுத்தத்தாலும் உடம்புச் சூட்டாலும் பிடிக்கிற வகை. குளிரில் விறைத்துவிடும், சரியாகக் கவ்வாது. ஒட்டிய பிறகு 48 மணி நேரம் தலையில் தண்ணீர் படக் கூடாது, ஆவி படக் கூடாது, வேர்க்கக் கூடாது. அதன் பிறகும் வேர்ப்பக்கம் எண்ணெயோ கண்டிஷனரோ போகக் கூடாது. முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளர்வதால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை கழற்றி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். அதற்கு இங்கிருந்து மறுபடி வத்தலக்குண்டு இறங்கி, பஸ் மாறி, நகரத்துக்குப் போக வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் பதினைந்து வாரம் ஆக்கிவிடுவார்கள். அதற்குள் பட்டை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கீழே இறங்கி, பாரமெல்லாம் மெல்லிய நாலு முடியில் தொங்கும். அந்த நாலு முடி பிய்ந்து வரும்போது பட்டையோடு சேர்ந்து வரும்.

கெரட்டின் பசை நுனி வைத்து உருக்கி ஒட்டுகிற வகையும் எண்ணெய்க்கு இளகும். ஆவி பிடிக்கிறபோது சூடும் ஈரமும் தைலமும் மூன்றும் ஒரே நேரத்தில் அதைத் தாக்கும். சின்ன உலோக வளையத்தைக் குறடால் நசுக்கிப் பூட்டுகிற மைக்ரோ ரிங்கில் பசை இல்லைதான், ஆனால் கம்பளிக் குல்லாவைக் கழற்றும்போது நூல் வளையத்தில் மாட்டும். சுரீரென்று இழுக்கும். தினமும் இரண்டு தடவை குல்லா போட்டுக் கழற்றுகிறவருக்கு இது எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்று தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் நம் ஊரில் பாட்டிலில் எப்போதும் கட்டியாகத்தான் இருக்கும். வெந்நீரில் வைத்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் உச்சியில் அழுத்தித் தேய்ப்பதுதான் வழக்கம். அந்தச் சூட்டெண்ணெய் நேராகப் பட்டையின் இடுக்கில் இறங்கும். எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடு என்று சலூனில் சொல்லி அனுப்புவார்கள். குளிர்காலத்தில் உச்சந்தலை வறண்டு செதில் உதிர்கிற ஊரில் அதை எப்படி விட முடியும்? எண்ணெயை விடச் சொல்லாத முடிதான் இங்கே உதவும்.

ஈரம்தான் பெரிய விஷயம்

பசையைக்கூட ஒருவர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிவிடலாம். ஈரத்தை என்ன செய்வது? அக்டோபர், நவம்பர் மழையில் தலை குளித்தால் வேர் காய அரை நாள் ஆகும். பட்டைகளுக்கு நடுவே சிக்கிய ஈரம் அன்றைக்குக் காயாது. மறுநாளும் லேசாக நமநமவென்று இருக்கும். அதன் மேல் குல்லா, அதன் மேல் மப்ளர். இரண்டு வாரத்தில் பிடரியில் அரிப்பு, ஒரு புளித்த வாடை, விரலால் தொட்டால் பிசுபிசுப்பு, பொடுகு. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. மருந்து ஷாம்பு போட்டால் பசை போகும், போடாவிட்டால் தோல் போகும். இந்த இக்கட்டை நினைத்தால்தான் ஒட்டு முடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தோன்றுவதில்லை. இரவில் கழற்றி வைக்கிற முடியாக இருந்தால், உச்சந்தலை தினமும் பத்து மணி நேரம் காற்று வாங்கும்.

ஈரம் இன்னொரு விதத்திலும் படுத்தும். அயர்ன் வைத்து நீட்டியதும் சுருட்டியதும் முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூட்டில் மாற்றி வைத்ததுதான். ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து பழைய வடிவத்துக்குப் போய்விடும். மூஞ்சிக்கல்லில் பஸ் ஏறும்போது சுருள் சுருளாக இருந்தது ஏரிக்கரையில் இறங்கும்போது பிரிந்து தொங்குவது இதனால்தான். சொந்த முடி மஞ்சில் நெளியும், வைத்த முடி நீட்டமாகவே நிற்கும், அல்லது நேர்மாறாக. எங்கே ஒட்டியது என்று தூரத்திலிருந்தே தெரியும். அதனால் வாங்கும்போதே சொந்த முடி ஈரத்தில் எப்படி இருக்கிறதோ அதே நெளிவு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஐந்து நிமிஷம் தண்ணீரில் நனைத்துக் காற்றில் காய விட்டால் அதன் உண்மையான நெளிவு வெளியே வந்துவிடும். கடையில் மாட்டியிருக்கும்போது பளபளவென்று நீட்டமாக இருப்பதை நம்பக் கூடாது.

எந்த முடியை வாங்குவது

நம் மலையின் அடிவாரத்திலேயே பழனி. முடிக் காணிக்கை செலுத்த வருகிற பெண்களின் கூந்தலை நனைத்து, கொத்தாக முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் கத்தி வைப்பார்கள். முடிச்சு போட்டதால் வேர் ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமும் கலையாமல் இருக்கும். கோயில் அதை ஏலம் விடுகிறது. தரம் பிரித்து, ஆணிச் சீப்பில் சீவி, நீளவாரியாகக் கட்டி விற்பனைக்குப் போகிறது. வேரும் நுனியும் மாறாத இந்த வகையைத்தான் ரெமி என்கிறார்கள்.

இன்னொரு வகை, சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சேர்த்து வைத்துத் தெருவில் வருகிறவரிடம் பாத்திரத்துக்கோ காசுக்கோ போடுகிறோமே, அது. அந்த உருண்டையில் வேர் எது நுனி எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு முடியின் மேல்தோல், வேரிலிருந்து நுனி நோக்கி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காகச் செதில் போட்டிருக்கும். தலைகீழாகக் கலந்த முடியில் செதிலும் செதிலும் எதிர் எதிராக மாட்டிச் சிக்கு விழும். இதைத் தவிர்க்க அமிலத்தில் ஊற வைத்துச் செதிலையே அரித்து எடுத்துவிட்டு, மேலே சிலிகான் பூசி மினுக்கி விடுகிறார்கள். வாங்கின அன்றைக்குப் பட்டாக இருக்கும். நாலைந்து அலசலில் சிலிகான் போய்விடும். பிறகு பிடரியில் ஒரே முடிச்சு. மஞ்சும் கம்பளியும் உள்ள ஊரில் அந்த முடிச்சு இன்னும் சீக்கிரம் விழும்.

கையால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரே ஒரு முடியை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மேலிருந்து கீழே உருவ வேண்டும். வழுக்கிக்கொண்டு போகும். கீழிருந்து மேலே உருவினால் லேசாகச் சொரசொரத்து, விரல் தடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் செதில் இல்லை, பூச்சு இருக்கிறது. இரண்டாவது, நெருப்பு. இரண்டு முடியைத் தீக்குச்சியில் காட்டினால் மனித முடி கோழி மயிர் கருகுகிற வாடையோடு பொரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை நார் உருகிச் சொட்டி, நுனியில் கறுப்பு மணியாக இறுகும். செயற்கை முடி விலை குறைவு, பார்க்கவும் மோசமில்லை. ஆனால் விறகடுப்பு, கணப்பு, ரூம் ஹீட்டர் என்று நெருப்பு பக்கத்திலேயே உட்காருகிற நமக்கு அது வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பிள்ளைகளுக்கு விழா நாளில்கூட அதை வைக்கக் கூடாது.

நிறம் பார்ப்பதை மட்டும் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் செய்யக் கூடாது. வெளியே வந்து, வெயிலில் ஒரு தடவை, முடிந்தால் மஞ்சு மூடிய வெளிச்சத்தில் ஒரு தடவை, நம் முடியின் நுனியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேரோடு ஒப்பிட்டு வாங்கினால் கருமை கூடிவிடும். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு 1 என்ற எண்ணிட்ட கன்னங்கரேல் நிறம் பொருந்தாது. 1பி என்ற இயற்கைக் கறுப்புதான் சேரும்.

கம்பளி பிடரியில் செய்கிற வேலை

சிக்கு விழுகிற இடம் எப்போதும் ஒன்றுதான், காதுக்குக் கீழே, பிடரியில், ஸ்வெட்டர் கழுத்து உரசுகிற அந்த நாலு விரல் அகலம். கம்பளி நாரும் செதில் உள்ளதுதான். உரசல், ஈரம், உடம்புச் சூடு மூன்றும் சேர்ந்தால் கம்பளி எப்படித் திரண்டு கெட்டியாகுமோ, முடியும் அப்படியே திரளும். சொந்த முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை இறங்கி ஓரளவு காப்பாற்றும். வைத்த முடிக்கு அந்த ஊட்டம் எதுவும் கிடையாது.

இதற்கு விலையில்லாத வைத்தியம், பழைய பட்டுப் புடவை. கிழிந்த பட்டின் உடல் பகுதியில் ஒரு சாண் வெட்டி, குல்லாவின் உள்பக்கம் ஓரத்தைச் சுற்றித் தைக்கலாம், ஸ்வெட்டர் கழுத்தின் உள்மடிப்பில் தைக்கலாம், மப்ளரின் நடுவில் ஓர் ஓரமாகப் பிடித்துவிடலாம். ஜரிகைப் பக்கம் வேண்டாம், அதுவும் மாட்டும். பட்டு இல்லையென்றால் சாட்டின் லைனிங் துணி போதும். ஆனால் இதைவிடப் பெரிய காப்பு, வெளியே போகும்போது முடியைப் பின்னிப் போடுவது. விரித்த கூந்தல் படத்துக்கு அழகு. பெருமாள்மலை வளைவுகளில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவருக்கு விரித்த கூந்தல் என்றால் அன்று இரவு ஒரு மணி நேரம் சிக்கெடுக்கிற வேலை. நீளத்தைக் காட்ட ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, பின்னலில் நீளம் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதே. அதற்கு நம்மிடம் உள்ள சாதனம் சவுரி. பழைய காலத்துச் சாமான் என்று அதை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மலைக் குளிருக்கு இதைவிடப் பொருத்தமாக எந்த நாட்டுக்காரரும் ஒன்றைச் செய்து தரவில்லை.

சவுரி சேர்த்துப் பின்னுவது

சவுரி வாங்கும்போது மேல் கட்டு கறுப்பு நூலால் இறுக்கமாகவும் சின்னதாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டு சுண்டு விரல் நுனியைவிடப் பெரிதாக இருந்தால் பின்னலில் புடைக்கும். மூன்று காலாகப் பிரித்துக் கட்டியதே வசதி. எடை 60 முதல் 80 கிராம் போதும். 100 கிராமுக்கு மேல் தினசரிக்கு வேண்டாம், கல்யாணத்துக்கு ஒரு நாள் சரி. இன்னொரு கணக்கும் உண்டு. சவுரியைக் கையில் பிடித்தால் நம் சொந்தப் பின்னலின் பருமனைவிட ஒரு மாற்று மெல்லியதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மேலே ஒல்லியாகவும் கீழே குண்டாகவும் பின்னல் தலைகீழாகத் தெரியும்.

முதலில் சவுரியைத் தனியாகச் சீவ வேண்டும். மேல் கட்டுப் பகுதியை இடது கையில் இறுக்கிப் பிடித்து, நுனியில் ஆரம்பித்து, நாலு அங்குலம் நாலு அங்குலமாக மேலே ஏற வேண்டும். அகலப் பல் சீப்புதான். உள்ளங்கையில் நாலைந்து சொட்டு நல்லெண்ணெய் தேய்த்து நடுவிலிருந்து நுனி வரை தடவலாம். தேங்காய் எண்ணெய் இங்கே வெளிக்காற்றில் முடியிலேயே வெள்ளையாக உறையும், நல்லெண்ணெய் உறையாது. கட்டின் பக்கம் எண்ணெய் போகவே கூடாது, போனால் வழுக்கும்.

சொந்த முடியை வாரி, பிடரிக்கு ஒரு விரல் மேலே துணி சுற்றிய ரப்பர் பேண்டால் இறுக்கமில்லாமல் ஒரு கட்டு. அதை மூன்று காலாகப் பிரித்து, மூன்று புரி சவுரியில்லாமல் இறுக்கிப் பின்ன வேண்டும். இந்த மூன்று புரிதான் அஸ்திவாரம். அவசரத்தில் இதை விட்டுவிட்டுக் கட்டிலேயே சவுரியை முடிகிறவர்களுக்குத்தான் மத்தியானத்துக்குள் சரிந்து தொங்கும். மூன்றாவது புரி முடிந்ததும், சவுரியின் கட்டைப் பின்னலின் அடிப்பக்கம், முதுகை ஒட்டிய பக்கம், நடுக் காலுக்குக் கீழே வைத்து, சவுரியின் ஒவ்வொரு காலையும் நம் ஒவ்வொரு காலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அடுத்த புரி போடும்போது கட்டு உள்ளே மறைந்துவிடும். இந்த இடத்தில் நிறுத்தி, ஒரு கொண்டை ஊசியைப் பின்னலுக்குக் குறுக்கே, கட்டின் நூலுக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிற மாதிரி குத்த வேண்டும். பிறகு தலையை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பிடரியில் ஏதாவது ஒரு புள்ளியில் சுண்டி இழுத்தால், பாரம் ஒரே கொத்தில் விழுகிறது என்று பொருள். பிரித்து மறுபடி போடுவது தவிர வழியில்லை. பொறுத்துக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் தலைவலி வரும்.

அதற்குக் கீழே சாதாரணப் பின்னல்தான், ஆனால் சொந்த முடி முடிகிற இடத்தில் கவனம் வேண்டும். மெல்லிய நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, அந்த இடத்தை மட்டும் உருவி, இரண்டு புரி சற்று இறுக்கமாகப் போட்டால் அடங்கிவிடும். பூமுடி கொடுத்து நுனி மட்டமாக வெட்டியவர்களுக்கு இந்த இடம் இன்னும் துருத்தும். அவர்கள் ஒரு புரிக்கு மட்டும் நாலு காலாகப் பிரித்து உள்ளே மடக்கினால் மறையும். கடைசி மூன்று அங்குலம் விட்டுக் கட்டு.

பூ வைப்பதானால் நிலக்கோட்டையிலிருந்து வருகிற மல்லிகையைத் தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுவருவார்கள். சரத்தை ஒரு தடவை உதறிவிட்டு, சவுரியின் மேல் குத்தாமல் அஸ்திவாரப் புரியில் குத்த வேண்டும். பூவின் பாரமும் ஈரமும் கட்டில் இறங்கக் கூடாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்திலும், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காய்கறிக் காட்டிலும் சும்மாடு வைத்துச் சுமை தூக்குகிறவர்கள் உச்சியில் கிளிப்போ ஊசியோ எதுவும் வைக்கவே கூடாது, சுமை அழுத்தி மண்டையில் பதியும். பிடரியோடு முடிகிற சவுரிப் பின்னலைச் சுருட்டித் தாழக் கொண்டையாகச் செருகிக்கொள்வது அவர்களுக்குப் பத்திரம்.

கிளிப் வைப்பவர்களுக்கு

பின்னல் வேண்டாம், தோள் வரை விரித்துப் போட வேண்டும் என்றால் கிளிப். கடையில் ஏழு துண்டு செட்டாகத் தருவார்கள். தினசரிக்கு மூன்று போதும், 50 முதல் 60 கிராம். பிடரிக்கு இரண்டு விரல் மேலே ஒன்று, காது நுனி மட்டத்தில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று. புருவ மட்டத்துக்கு மேலே போனால் காற்றடிக்கும்போது முடியைத் தைத்திருக்கிற பட்டை தெரியும். நெற்றியோரத்திலிருந்தும் காதோரத்திலிருந்தும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். ஓர முடிதான் முதலில் பிய்ந்து போகிற முடி.

மெல்லிய முடியில் கிளிப் வழுக்குகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். வேரில் எதிர்ச்சீப்பு போட்டுப் புசுபுசுவென்று ஆக்கி அதில் மாட்டச் சொல்வார்கள். தினமும் அப்படிச் செய்தால் செதில் உரிந்து முடி உடையும். அதைவிட, கிளிப் விழுகிற கோட்டில் ஒரு பென்சில் கனத்துக்குச் சின்னப் பின்னலைப் படுக்கை வாட்டில் பின்னி, அதன் மேல் பல்லைக் கவ்வ விட்டால் சாயங்காலம் வரை அசையாது. கோட்டை மட்டும் நாளுக்கு நாள் அரை அங்குலம் மேலும் கீழும் மாற்ற வேண்டும். காதோரம் சின்னச் சின்னக் கட்டி, இழுக்கிற வலி, ஓரத்தில் உடைந்த குட்டை முடி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரண்டு வாரமாவது எதுவும் வைக்காமல் விட வேண்டும். விட்டும் ஓரம் பின்வாங்கினால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். இழுவையால் போகிற முடி ஆரம்பத்தில் நிறுத்தினால் திரும்ப வளரும், வருஷக்கணக்கில் இழுத்துவிட்டால் வேர் தழும்பாகி வளராது.

டிசம்பர் கடைசியில் பனி விழுந்து காற்று வறண்டதும் முடி பறந்து பறந்து முகத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் சீப்பை விட்டு மரச்சீப்புக்கு மாறினாலே பாதி அடங்கும்.

அலசுவதும் காய வைப்பதும்

பதினைந்து இருபது தடவை போட்ட பிறகு ஒரு அலசல், அதற்கு முன்னால் தேவையில்லை. அடுப்புப் புகை படுகிற வீட்டில் மட்டும் கொஞ்சம் முந்தலாம். சிக்கை முழுக்க எடுத்த பிறகுதான் நனைக்க வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் ஷாம்பு கலந்து, மேலிருந்து கீழே ஊற்றி, உருவியே அலச வேண்டும். துணி மாதிரி கசக்கினால் அன்றோடு அந்த முடி முடிந்தது. நடுவிலிருந்து நுனி வரை கண்டிஷனர், ஐந்து நிமிஷம், பிறகு நன்றாக அலசல். தையல் பட்டையிலும் சவுரிக் கட்டிலும் கண்டிஷனர் படக் கூடாது.

கஷ்டம் காய வைப்பதில்தான். மழை நாளில் அலசினால் இரண்டு நாள் ஆனாலும் தையலுக்குள் ஈரம் இருக்கும். நூல் இற்றுப்போகும், கிளிப் துருப்பிடிக்கும், துரு முடியில் செங்கறையாக இறங்கும். காலையில் வானம் வெளுத்திருக்கிற நாள் பார்த்துத்தான் அலச வேண்டும். துண்டில் வைத்து ஒற்றி எடுத்து, கிளிப்பை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, தையல் பட்டைக்கு மட்டும் டிரையரைக் குறைந்த சூட்டில் ஐந்து நிமிஷம் காட்டி, மீதியை நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் வேண்டாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிராக இருப்பதால் சுடுவது தெரியாது, ஆனால் சாயம் போட்ட முடி சீக்கிரம் செம்பட்டையாகும். கணப்புப் பக்கத்திலும் வேண்டாம், புகை வாடை ஏறினால் இறங்காது. காய்ந்ததைத் தளர்வாகப் பின்னி, பருத்திப் பையில் போட்டு, புது ஹேண்ட்பேக்கோடு வருகிற சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்து வைத்தால் பூசணம் பிடிக்காது. பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைப்பதுதான் மழைக்காலத்தில் பல சவுரிகள் வீணாகக் காரணம்.

மொட்டை போட்ட பிறகு

பழனியில் முடி இறக்கிவிட்டு வருகிற பெண்கள், எத்தனை மாதத்தில் கிளிப் வைக்கலாம் என்று கேட்கிறார்கள். கிளிப்பும் பட்டையும் மறைய, மேலே விழுகிற முடி குறைந்தது ஐந்து அங்குலம் வேண்டும். மாதத்துக்கு அரை அங்குலம் என்றால் பத்து மாதம். சவுரிக்கு அதுவும் போதாது. மூன்று புரி அஸ்திவாரம் போட எட்டு ஒன்பது அங்குலம் தேவை, ஒன்றரை வருஷம் ஆகும். ஆறாவது மாதத்திலேயே அவசரப்பட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்கிற சலூன் இருந்தால் அங்கே போகாதீர்கள். குட்டை முடியில் ஒட்டினால் நெம்புகோலாக இழுத்து, புதிதாக வந்த வேரைத்தான் பதம் பார்க்கும். அதுவரை பருத்தி ஸ்கார்ஃப், அதன் மேல் கம்பளிக் குல்லா. தலை குளிர்ந்தால் தைலம் தாராளமாகத் தேய்க்கலாம்.